மாவு, கறி, பூ: ஈரமான பொருள்களைப் பாலித்தீன் கவர் இல்லாமல் வாங்குவது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரையில் நாங்கள் நான்கு பேர் கொண்ட குடும்பம்; நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காய்கறிக்கும் மளிகைக்கும் துணிப்பை எடுத்துச் செல்லும் வழக்கம் பல ஆண்டுகளாகவே இருப்பதால், எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பை அதிகம் சேராது என்றே நம்பியிருந்தேன். சென்ற மாதம் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு கவரையும் கழுவிக் காயவைத்து, சமையலறைக் கதவின் பின்னால் ஒரு பையில் போட்டு வந்தேன். மாதக் கடைசியில் எண்ணியபோது, பால் பாக்கெட்டுகளைச் சேர்க்காமலேயே 63 இருந்தன. தரையில் பரப்பி வகை பிரித்த பிறகுதான் விளங்கியது, அவற்றில் 40க்கும் மேற்பட்டவை இட்லி மாவு, கறி, மீன், பூ, ஓட்டல் சாம்பார், சட்னி என்று ஈரமான பொருள்களோடு வந்தவை என்று. சட்னிக் கவர் உள்ளங்கை அளவுகூட இல்லை. அதன் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதற்கே இரண்டு சொம்புத் தண்ணீர் செலவாயிற்று.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. மஞ்சப்பையை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அதில் மாவை ஊற்றிக்கொண்டு வர முடியாது. வேலை முடிந்து திரும்பும் வழியில், திட்டமிடாமல் கடையில் நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

குன்னூர் மூத்தவர்

அம்மா, உங்கள் கணக்கு மிகவும் பயனுள்ளது. எங்கள் நீலகிரி மாவட்டத்தில் மாநிலத் தடைக்கு வெகுகாலம் முன்பே பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டுவிட்டதால், பாத்திரத்தோடு கடைக்குப் போவது எனக்குப் பழகிய ஒன்று. வண்டிப் பெட்டிக்குள் மூடி இறுகப் பிடிக்கும் எவர்சில்வர் டப்பா இரண்டும், சிறிய தூக்குவாளி ஒன்றும் எப்போதும் இருக்கும். வீட்டில் வைத்துவிட்டு நினைவாக எடுத்துச் செல்லலாம் என்றிருந்தால் பாதி நாள் மறந்துபோகும். கழுவிக் காய்ந்த உடனே வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கறிக்கடையில் முதலில் மறுத்தார்கள். பாத்திரத்தை வைத்து நிறுத்தால் எடையில் தகராறு வரும் என்பது அவர்கள் அச்சம். அதில் நியாயமும் இருக்கிறது. காலி டப்பாவைத் தராசில் வைத்து, எடையைப் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்திய பிறகு கறியைப் போட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். கைத்தராசு வைத்திருக்கும் மீன்காரருக்காக, டப்பாவின் எடையை (என்னுடையது 310 கிராம்) மூடியின் மேல் பெயின்டால் எழுதி வைத்தேன். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவரே டப்பாவை வாங்கிக் கவனமாக அடுக்கித் தரத் தொடங்கினார்.

மாவு மட்டும் சற்றுக் கடினம். அதை முன்பே கவரில் கட்டி அடுக்கி வைத்துவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு அரைத்து முடிப்பார்கள் என்று கேட்டு அந்த நேரத்தில் தூக்குவாளியோடு போனால், கிரைண்டரிலிருந்தே ஊற்றித் தருவார்கள்.

பலசரக்குக் கடைக்காரர்

கடைக்காரர் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். பை கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயத்தில்தான், தடைக்குப் பிறகும் பலர் மேசைக்கு அடியில் கவர் வைத்திருக்கிறார்கள். நானும் சில காலம் அப்படி வைத்திருந்தேன். பின்னர் மஞ்சப்பையை 10 ரூபாய்க்குக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்தால் அந்தப் பணத்தை அப்படியே தருவதென்று முடிவு செய்தேன். பணத்தைத் திரும்பக் கேட்பவர் குறைவு; ஆனால் அதே பையோடு மறுபடி வருபவர்கள் அதிகரித்தார்கள், எனக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துணி போலவே தோன்றும், பல நிறங்களில் வரும் ‘நான் ஓவன்’ பைகளைத் துணிப்பை என்று நம்பி ஒரு கட்டு வாங்கி ஏமாந்தேன். அது நெய்த துணியே அல்ல. பாலிப்ரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தது. மாநிலத் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. ஓர் ஓரத்தைச் சிறிது கொளுத்திப் பார்த்தால், பருத்தி சாம்பலாகும்; அது உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

தையல் கூடம்

மஞ்சப்பையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் ஏராளமான தண்ணீரும் ஆற்றலும் செலவாகின்றன. டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லா வகைப் பாதிப்புகளையும் கணக்கில் கொண்டால் 7100 முறை. அந்த ஆய்வு தெருவிலும் வாய்க்காலிலும் வீசப்படும் குப்பையின் பாதிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதால், பிளாஸ்டிக்கே மேல் என்று நம் ஊரில் நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். புதிதாகப் பை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு கல்யாணத்திலிருந்தும் தாம்பூலப் பையாக ஒன்று வந்து, வீட்டில் இருபது முப்பது மடிந்து கிடக்கின்றன. இருப்பதைப் பயன்படுத்துங்கள், கிழிந்தால் பழைய பேண்ட் துணியில் தைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை சகோதரி ஈரமான பொருள்களின் கவரைத் தனியாகப் பிரித்தது மிகச் சரி. உணவு ஒட்டிய கவரைப் பழைய பொருள் வாங்குபவர்கூட எடுப்பதில்லை. அது நேரே குப்பைக்குப் போகிறது. அதில் ஒட்டியிருக்கும் சோற்றுக்கும் குழம்புக்கும் ஆசைப்பட்டு மாடுகள் கவரோடு விழுங்குகின்றன. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஓட்டலில் சாம்பார் பார்சல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

வைகைக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். டப்பாவின் மூடியில் எடை எழுதும் யோசனை எங்கள் கறிக்கடையில் உடனே ஏற்கப்பட்டது. அவரிடம் முன்பெல்லாம் தாமரை இலையில் கட்டித் தரும் வழக்கம் இருந்ததாம், இப்போதும் கேட்பவர்களுக்குக் கட்டித் தருகிறேன் என்றார். மாவுக்கடை மாலை ஐந்து மணிக்கு அரைத்து முடிக்கிறது, நான் ஆறரைக்குத்தான் வருகிறேன். ஆகவே மாமியார் தூக்குவாளியோடு போய் வாங்கி வருகிறார். இதுவரை சேர்ந்தவை 17 கவர்கள்.

அவற்றில் ஒன்பது பூவுக்கு வந்தவை. பூக்கார அம்மாவிடம் வாழையிலையில் கட்டித் தரச் சொன்னேன். இலைக்கும் நாருக்கும் ஆகும் காசு ஒரு முழத்தில் கிடைக்கும் லாபத்தில் பாதியைத் தின்றுவிடும் என்றார். அவர் வருமானத்தில் கை வைக்க எனக்கு மனமில்லை. நேற்று முதல், ஈரத் துணி விரித்த சிறு டப்பா ஒன்றை அவர் முன் நீட்டி, முழம் போட்ட சரத்தை அதிலேயே சுருட்டி வைக்கச் சொல்கிறேன். இன்று காலை வரை பூ வாடவில்லை.