எதிரே வருகிறவரின் கண்

மதுரை பழங்காநத்தத்திலிருந்து:

கார் வயரிங் வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். போன கார்த்திகையில் கடைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

வண்டிக்காரர் உசிலம்பட்டிப் பக்கம், ஷார்ஜாவில் வேலை. ஆறு மாத விடுப்பில் வந்தவர், தம் பெரிய காரையும் கப்பலில் கொச்சிக்கு வரவழைத்து, மூணாறு, போடிமெட்டு, தேனி வழியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கார்னே என்று ஒரு அனுமதி உண்டு. வெளிநாட்டுப் பதிவெண்ணோடு வண்டியைக் கொண்டுவந்து ஆறு மாதம் ஓட்டலாம். அதன்பின் திருப்பி எடுத்துப் போய்விட வேண்டும். ஸ்டீயரிங் இடது பக்கம்.

"அண்ணே, டிம்மில்தான் வருகிறேன். ஆனாலும் எதிரே வருகிற எல்லாரும் லைட்டை அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள்" என்றார்.

இருட்டும்வரை இருக்கச் சொன்னேன். கடைக்கு எதிர்ச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி டிம் போட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. டிம் வெளிச்சம் சுவரில் நேர்கோடாக விழாது. சாலையோரம் நடப்பவரும் மைல்கல்லும் தெரிய வேண்டும் என்பதற்காக ஓரத்துப் பக்கம் மட்டும் சற்று மேலேறி நிற்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ஓரம் என்பது வலப்புறம். அந்த விளக்கை இங்கே கொண்டுவந்தால் மேலேறிய வெளிச்சம் நேராக எதிரே பைக்கில் வருபவர் கண்ணில் போய் அறைகிறது. தேனி சாலையில் இரவு பைக்கில் வந்தவர்களுக்கு, அந்த இரண்டு நொடிக் குருட்டுத்தனம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கறுப்பு டேப்பை அளந்து வெட்டி, மேலேறும் பகுதியை மறைத்து ஒட்டினேன். தற்காலிக ஏற்பாடுதான்.

முந்துவது எப்படி என்று கேட்டேன். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் போகும் பஸ்ஸின் முதுகுதான் தெரியும். "வலப்பக்க சீட்டில் வீட்டுக்காரி இருக்கிறாள். அவள் 'வாங்க' என்றால் எடுப்பேன்" என்றார். அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது. வரும் லாரியின் வேகத்தைக் கணித்துச் சொல்லும் பொறுப்பு அவர் தலையில். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள்.

ஹாரன் சில நேரம் அடிக்கவில்லை என்பதையும் பார்க்கச் சொன்னார். ஸ்டீயரிங் நடுவே உள்ள மூடியைக் கழற்றினேன். ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் வெறும் குழி. அதற்குப் போகும் கனெக்டரில் கடலைப்பருப்பு அளவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. ஏர்பேக் இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டரை நம்பவைத்து, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் செய்ய யாரோ செய்த வேலை. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார்: அமெரிக்காவில் விபத்தில் அடிபட்டு ஏலத்துக்குப் போன வண்டி, ஷார்ஜாவில் தட்டி நிமிர்த்தி விற்றது, விலை பாதிக்கும் கீழே.

"இதை இங்கேயே வைத்துக்கொள்ள வழி உண்டா? பேப்பர் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்" என்றார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினேன். பழைய காரை இறக்குமதி செய்ய விதிகள் தெளிவாக இருக்கின்றன. தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் இருக்க வேண்டும். ஹெட்லைட் இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அவர் வண்டிக்கு எட்டு வயது, மீட்டரில் மைல், மற்றதை மேலே சொல்லிவிட்டேன். 2025 செப்டம்பரில் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் நடத்திய சோதனைகளை அவருக்கு நினைவூட்டினேன். பூட்டானிலிருந்து வந்த வண்டிகளை, போலி ஆவணங்களைக் கொண்டு வேறு மாநிலங்களில் பதிவு செய்து விற்றார்கள் என்பதுதான் அங்கே வழக்கு. பேப்பரை முடித்துத் தருபவர் முடித்துத் தந்துவிடுவார். அந்தக் குழிக்குள் ஏர்பேக்கை யார் வைப்பது?

திருநகரிலிருந்து:

எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ்.

அப்பாவிடம் 1993இல் தயாரான அம்பாசடர் ஒன்று இருந்தது. அழகர்கோவிலுக்கும் குலதெய்வத்துக்கும் அதில்தான் போவோம். அப்பா காலமான மறு ஆண்டு, 2012இல், அட்லாண்டாவில் இருக்கும் தம்பி அந்தக் காரைத் தனக்கு அனுப்பிவிடச் சொன்னான். கப்பல் செலவு தன் பொறுப்பு என்றான். ஏஜென்ட் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். அமெரிக்காவின் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பத் தயாராகாத வண்டி, தயாரித்து 25 ஆண்டு ஆகும்வரை அங்கே நிரந்தரமாக இறங்க முடியாது. 1988இல் வந்த சட்டம். தரத்துக்கு ஏற்ப மாற்றலாம் என்றால், அதற்காகும் பணத்தில் இங்கே பத்து அம்பாசடர் வாங்கலாம்.

அப்போது எனக்கு ஆறவே இல்லை. எங்களைப் பத்திரமாக வீடு சேர்த்த காரைப் பார்த்து, எங்கள் சாலையில் இது ஓடக்கூடாது என்று ஒரு நாடு சொல்வதா? தம்பியிடம் போனில் சண்டையே போட்டேன். பழங்காநத்தத்து அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு இன்று மதியம் ஷெட்டுக்குப் போய் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உருவம். ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை, பின் சீட்டில் பெல்ட் இல்லை. நாங்கள் நான்கு பேர் அந்தப் பின் சீட்டில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போயிருக்கிறோம். இது பாதுகாப்பானதா என்று அமெரிக்காக்காரர்கள் கேட்ட கேள்வியை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

2018இல் 25 ஆண்டு நிறைந்தது. அதற்குள் தரைத்தகடு துருப்பிடித்துவிட்டது. தம்பியும் பிறகு கேட்கவில்லை.

ஒத்தக்கடையிலிருந்து:

பெரிய கார் எல்லாம் எங்களுக்கு எட்டாது. மகள் டியூஷனுக்குப் போக, சீனத்து உதிரிகளை இங்கே பூட்டி விற்கும் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். கடைக்காரரே ஒரு ஒயரை வெட்டிவிட்டு, "இனி 45 போகும்" என்றார். வேகம் கூடியது, பிரேக் பழையதுதான். நான்கு வழிச்சாலை சிக்னலில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் போய் லாரியின் பின்னால் மோதி மகளுக்கு மணிக்கட்டு உடைந்தது. சித்திரை வெயிலில் பேட்டரியும் உப்பிவிட்டது. அதை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன். அண்ணே, ஒரு கேள்வி: அந்தக் காருக்குப் பழைய ஏர்பேக் வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?

மீண்டும் பழங்காநத்தம்:

பிள்ளை கை நன்றாகச் சேர வேண்டும். அந்த பேட்டரியை இனி சார்ஜ் போடாதீர்கள்.

பழைய ஏர்பேக் கூடாது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் பையை விரிக்க அமோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளை வைத்திருந்தார்கள். சூட்டிலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அது கெட்டு, விரியும்போது இரும்புச் சில்லுகளாகத் தெறிக்கும். உலகம் முழுதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். 2017இல் நிறுவனமே திவாலானது. வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற கடிதம் வண்டி பதிவான நாட்டில் உள்ள உரிமையாளர் முகவரிக்குப் போகும். உசிலம்பட்டிக்கு வராது.

ஒன்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் வண்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரெசிஸ்டர் போட்டிருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றிவிடும். ஆகவே அடிபட்ட வண்டி என்று சந்தேகம் வந்தாலே மூடியைக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள்.

உசிலம்பட்டிக்காரர் ஐந்தாம் மாதமே வண்டியைக் கொச்சிக்குத் திருப்பிக் கொண்டுபோனார். பகலில் மட்டும் ஓட்டுவதாகச் சொன்னார். குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். போகிற வழியில் கடையில் நிறுத்தி, "அங்கே போனால் இந்த டேப் வேண்டாமே அண்ணே" என்றார். நகத்தால் சுரண்டி இரண்டு விளக்கிலிருந்தும் எடுத்துக் கொடுத்தேன். ரெசிஸ்டரை அவர் கேட்கவில்லை. என் மேசை டிராயரில் இருக்கிறது.