சோடா என்றால் எந்த சோடா?

திருவையாறு_77:
மளிகைக் கடையில் ஆப்பத்துக்கும் சோடா, துணிக்கும் சோடா, சோப்பு காய்ச்சவும் சோடா. வீட்டில் பெயர் எழுதாத டப்பாவில் வெள்ளைத் தூள் ஒன்று இருக்கிறது. வினிகர் விட்டால் பொங்குகிறது. ஆப்ப மாவில் போடலாமா?

குடந்தைக்காரம்:
போடாதீங்க. ஆப்ப சோடாவும் பொங்கும், சலவை சோடாவும் பொங்கும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து அதில் போட்டால் சலவை சோடா உடனே அடர்சிவப்பாக்கும். ஆப்ப சோடாவில் அவ்வளவு ஏறாது. அதை நம்பியும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். புதுப் பாக்கெட் என்ன விலை விற்றுவிடும்?

ஒரு லிட்டர் புளித்த மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும். வார்க்கும் நேரத்தில்தான் கரைத்து ஊற்றணும். ராத்திரியே போட்டால் மாவின் புளிப்பு பட்டு, விடிவதற்குள் வாயு போய்விடும். அளவு கூடினால் ஆப்பம் மஞ்சளிக்கும், சவுக்கார வாடை அடிக்கும்.

வெண்ணாற்றங்கரை:
சலவை சோடாவின் வேலை நுரைக்காத போர்த் தண்ணீரில் தெரியும். சோப்புக்கு முன்னால் போட்டால் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் படியவைத்துவிடும், சோப்பு வீணாகாது. பட்டுக்கு ஆகாது. திருபுவனம் சேலையானாலும் பட்டு புரதம்தானே, காரம் அரிக்கும்.

சோப்பு காய்ச்சுகிற காஸ்டிக் சோடா விளையாட்டில்லை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் கணக்கு 183 கிராம்; 5% குறைத்து 174 போட்டால் தோலைக் கடிக்காது. தண்ணீரில் காஸ்டிக்கைத்தான் கொட்டணும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்: ஹைட்ரஜன் கிளம்பும், பாத்திரமும் ஓட்டையாகும். மூடாமல் வைத்த காஸ்டிக் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சலவை சோடாவாகிவிடும். அதை எடை போட்டுக் காய்ச்சினால் எண்ணெய் மிஞ்சி நிற்கும், சோப்பு இறுகாது. (1807-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சோடியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுத்ததும் இந்தக் காஸ்டிக் சோடாவிலிருந்துதான். சோடியத்தைவிட சோடா என்ற பெயர்தான் மூத்தது.)

திருவையாறு_77:
டப்பாவை ஓரங்கட்டியாச்சு. அப்போ பன்னீர் சோடாவில் இருப்பது எது சார்?

குடந்தைக்காரம்:
இதில் எதுவும் இல்லைங்க. தண்ணீரில் அழுத்தி ஏற்றிய கரியமில வாயு, சர்க்கரை, பன்னீர் எசன்ஸ், அவ்வளவுதான். கோலி பாட்டில் இங்கிலாந்தின் ஹைரம் காட் செய்த வேலை, 1872. வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அடைக்கிறது. குடிக்கும்போது கழுத்தில் இருக்கிற இரண்டு குழியும் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி சாய்ங்க, கோலி அதில் உட்கார்ந்துகொள்ளும். மாற்றிப் பிடித்தால் உருண்டு வந்து வாயை அடைச்சிடும்.