வெள்ளையன் வீட்டு குரூப், செப்டம்பர் 5

பெரியப்பா, காலை 6:10
சிவகாசிப் பொட்டை நாய்க்கு செப். 1 அன்னைக்கு ரத்தம் கண்டிருக்கு. 10ல இருந்து 14க்குள்ள சேர்க்கணும். நம்ம கடுவன் வெள்ளையனை ரெடியா வை செல்வி. பொட்டையை மதுரைக்கே கொண்டு வந்துருவாங்க. கடுவன் தன் இடத்துல இருந்தாத்தான் தைரியமா சேரும்.

கவிதா அக்கா, 6:24
அப்பா, ஒரு நிமிஷம். வெள்ளையனுக்கு உண்ணிக் காய்ச்சல் எப்ப விட்டுச்சு சித்தி?

சித்தி, 6:31
ஜூலை 28. 104.5 வரை போச்சு. டாக்ஸிசைக்கிளின் 28 நாளும் முழுசா குடுத்தாச்சு.

கவிதா அக்கா, 6:38
அப்ப இன்னைக்கு 39 நாள்தான். விந்தணு உருவாகி வெளிய வர ஏறக்குறைய ரெண்டு மாசம் ஆகும். இப்ப வர்றது அந்தக் காய்ச்சல் சமயத்துச் சரக்கு. நாய் துள்ளும், சேரும், ரெண்டும் மாட்டிக்கிட்டுப் பூட்டும் விழும். குட்டி மட்டும் நிக்காது. பழி பொட்டை மேல போகும். செப். கடைசி வரை பொறுத்தா நல்லது.

பெரியப்பா, 6:40
பொட்டை பொறுக்காதேம்மா. அடுத்த ஹீட்டுக்கு ஆறு மாசமாவது ஆகும்.

கவிதா அக்கா, 6:52
அப்ப திங்கட்கிழமை விந்துப் பரிசோதனை. மைக்ராஸ்கோப் வச்சிருக்கிற டாக்டரா பாருங்க. விந்தணு நூத்துக்கு எழுபதுக்கு மேல நேரா ஓடணும். ரொம்ப நாள் சேராத நாய்க்கு முதல் தடவை எடுக்கிறதுல பழசும் செத்ததும் நிறைய இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாம நாலு நாள் கழிச்சு ரெண்டாவது தடவை எடுக்கச் சொல்லுங்க. அதுவும் மோசம்னா இந்தத் தடவை வேற கடுவன்.

கவிதா அக்கா, 6:54
சிவகாசியில பொட்டையோட கசிவை ஒரு பஞ்சால ஒத்தி, பாலிதீன்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சு அனுப்பச் சொல்லுங்க. மோப்பம் காட்டினா எடுக்கிறது சுலபம். சேகரிக்கிற குப்பியில சொட்டுத் தண்ணி, சோப்பு பட்டாலும் அணு செத்துரும்.

சித்தி, 7:15
கவிதா, குறி நுனியில மஞ்சளா ஒரு சொட்டு எப்பவும் நிக்குதே, அது?

கவிதா அக்கா, 7:18
கருத்தடை பண்ணாத கடுவனுக்கு அது சகஜம் சித்தி. ரத்தமா வந்தா, வீச்சம் அடிச்சா, விடாம நக்கிக்கிட்டே இருந்தாத்தான் டாக்டர். ரத்தம்னா ரெண்டு சந்தேகம்: புராஸ்டேட் வீக்கம், இல்ல தெருநாயோட சேர்ந்தா ஒட்டுற டி.வி.டி. (TVT) கட்டி. காலிஃபிளவர் பூ மாதிரி இருக்கும். வின்கிரிஸ்டின் ஊசியில குணமாயிரும். ஆனா அந்த மருந்து விந்தணுவையும் கெடுக்கும்.

சித்தி, 7:22
அதெல்லாம் இல்ல. விதைப்பைத் தோல்தான் சிவந்து கொஞ்சம் உரிஞ்சிருக்கு.

கவிதா அக்கா, 7:23
அது படுக்கிற தரையை எதுல துடைக்கிறீங்க?

சித்தி, 7:23
பினாயில்தான்.

கவிதா அக்கா, 7:29
அதான். அந்தத் தோல் மெல்லிசு, முடியும் கிடையாது. பினாயில் காயாத தரையில அப்பிப் படுத்தா வெந்துரும். துடைச்சதும் வெறும் தண்ணியில இன்னொரு தடவை துடைச்சு, காஞ்ச பிறகு விடுங்க. சாக்கு இல்லாட்டி பழைய பருத்திப் போர்வை போடுங்க. களிம்பு எதுவும் நீங்களா தடவ வேண்டாம், போட்டோ அனுப்புங்க. மதியம் மொட்டை மாடியும் தகர ஷெட்டும் கூடவே கூடாது. விதைக்குச் சூடு ஆகாது. இவனுக்கு மூக்கும் ரோஸ், வெயில்ல பொசுங்கும்.

பெரியப்பா, 7:41
மாசம் ஒரு தடவை ரெண்டு விதையையும் தொட்டுப் பாரு செல்வி. உரிச்ச அவிச்ச முட்டை பதத்துல, ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு கல்லு மாதிரியோ சூடாவோ இருந்தா அன்னைக்கே சொல்லு.

சித்தி, 7:44
சரிங்க அத்தான். எடைக்கு என்ன பண்ண? மெஷின்ல நிக்க மாட்டேங்குது.

மணி, 7:46
அம்மா, நான் தூக்கிட்டு நிக்கிறேன். என் எடையைக் கழிச்சுக்கலாம்.

கவிதா அக்கா, 7:50
நல்லது. கடைசி ரெண்டு விலா எலும்பு லேசா தெரியணும். கொழுத்த கடுவனுக்கு மூச்சு வாங்கும், ஏறி நிக்காது.

சித்தப்பா, 8:05
அண்ணே, புரூசெல்லா டெஸ்ட் ரிப்போர்ட் அந்தப் பொட்டைக்கு வந்துருச்சா? ரெண்டு பக்கமும் இல்லாம கேட்டைத் திறக்க மாட்டேன். மனுஷனுக்கும் ஒட்டுற வியாதி அது.

பெரியப்பா, 8:09
நாளைக்கு வந்துரும். பொட்டைக்குக் காதும் பார்த்தாச்சு. பின்னாடி நின்னு சாவிக்கொத்தைப் போட்டேன், திரும்புச்சு.

கவிதா அக்கா, 8:13
அப்பா, ஒரு காது செவிடா இருந்தாலும் திரும்பும். வெள்ளை நாய்ல அதுதான் வம்பே. ரெண்டு காதையும் தனித்தனியா, மெஷின் வச்சுக் கேக்குதான்னு பார்க்கிற பேயர் (BAER) டெஸ்ட்தான் சொல்லும். பொட்டைக்கும் எடுக்கச் சொல்லுங்க, வெள்ளையனுக்கு எடுத்த மாதிரியே.

பெரியப்பா, 8:15
கேட்டுச் சொல்றேன்.

மணி, 8:20
சேர்க்கிற அன்னைக்கு நாங்க என்ன பண்ணணும் பெரியப்பா?

பெரியப்பா, 8:34
சேர்க்கிறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் சோறு கிடையாது, தண்ணி மட்டும். அதிகாலையில வச்சுக்குவோம். பொட்டையோட ஆள் தலைப்பக்கம் பிடிக்கட்டும். கூட்டம் கூடாது, போன்ல வீடியோ எடுக்கக் கூடாது. பூட்டு விழுந்தா அஞ்சு நிமிஷமும் ஆகும், அரை மணியும் ஆகும். பதறிப்போய் இழுத்தீங்கன்னா கடுவனுக்கும் காயம், பொட்டைக்கும் காயம். ரெண்டையும் அசையாம பிடிச்சுக்கிட்டா போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரெண்டு தடவை.

கவிதா அக்கா, 8:41
பூட்டு விட்டதும் முடிஞ்சுதுன்னு போயிராதீங்க. குறி முழுசா உறைக்குள்ள போயிருக்கான்னு பாரு மணி. சில சமயம் உறை ஓரத்து முடி உள்ள சுருண்டு இறுக்கிரும். இருபது நிமிஷத்துல போகலைன்னா குளிர்ந்த தண்ணி ஊத்தி, சீனியைக் கெட்டியா கரைச்சு தடவு, வீக்கம் வடியும். பிறகு ஜெல்லி தடவி முடியை வெளிய இழுத்துவிடு. அப்பவும் போகலைன்னா ஆட்டோ பிடி. கருத்துப்போற வரை காத்திருந்தா வெட்டுற நிலைக்கு வந்துரும்.

சித்தி, 8:45
பக்கத்து வீட்டுப் பொட்டையைப் பார்த்து இவன் துள்ளினா அதட்டிக்கிட்டே இருக்கேன், அது தப்பா?

பெரியப்பா, 8:48
அதட்டாதே. அப்புறம் அன்னைக்கு வாலை ஒடுக்கிட்டு நிக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வேற பக்கம் கூட்டிட்டுப் போ. வீட்டுக்குள்ள காலைத் தூக்கினா மட்டும் கை தட்டி வெளிய விடு.

சித்தப்பா, 8:52
புரட்டாசி பிறக்கப் போகுது, மார்கழி வரை தெருவுல நாய்ங்க கும்பலாத் திரியும். மதில் அஞ்சடிதான் இருக்கு, இவன் தாண்டிருவான். மேல ரெண்டடி வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழமை வர்றார். அதுவரை சங்கிலியோடதான் வெளிய.

பெரியப்பா, 8:53
வலைக்காசு என் கணக்குல போடு தம்பி.