மறுமொழி: மொத்தக் காரத்தன்மைக்குத் ‘தாங்குகாரம்’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். நீர்ச் சோதனை அறிக்கையில் வரும் ‘மொத்தக் காரத்தன்மை’ (டோட்டல் ஆல்கலினிட்டி), அதாவது அமிலத்தை ஏற்றுக்கொள்ளும் நீரின் திறன், இதற்குத் ‘தாங்குகாரம்’ என்று ஒரு புதுச்சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> காரத்தன்மை என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

மூன்று பேர் இதையே கேட்டிருந்தீர்கள். புதுச்சொல்லைத் தேட வேண்டிய நிலை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தொழில் தண்ணீர். காட்பாடியில் இருந்துகொண்டு வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரைச் சோதித்துக் கொடுக்கிறேன். இரண்டு ஆண்டாக ஏலகிரி மலையில் ஒரு விடுதியின் சுடுநீர்த் தொட்டியும் என் பொறுப்பு. அங்கே எல்லாரும் ஜக்குஸி என்பார்கள். 1500 லிட்டர், 38 டிகிரி சூடு, அடியிலிருந்து காற்றும் நீரும் பீறிடும். அன்றாட வேலையை ஒரு தம்பி பார்க்கிறான். பத்தாவது படித்தவன், சொன்னதைச் சொன்னபடி செய்பவன். அவனுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

தொட்டியில் காற்று குமிழியிடக் குமிழியிட, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் எண் ஏறும். ஏறினால் அமிலம் விடு என்று எழுதியிருந்தேன். நாள் தவறாமல் விட்டான். விடும்போதெல்லாம் நீரிலுள்ள பைகார்பனேட்டை அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒரு மாதத்தில் மொத்தக் காரத்தன்மை 40-க்கு வந்துவிட்டது. இருக்க வேண்டியது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம். போனில் சொன்னேன்: “தம்பி, காரத்தன்மை குறைஞ்சிருக்கு, சோடா போட்டு ஏத்து.”

அதே குறிப்பில் பிஎச் பகுதியில், ‘7-க்குக் கீழே அமிலத்தன்மை, மேலே காரத்தன்மை, பிஎச் ஏற்றச் சலவை சோடா’ என்றும் நானே எழுதியிருக்கிறேன். காரத்தன்மையை ஏற்று என்றால் அவனுக்குப் பிஎச்சை ஏற்று என்றுதானே பொருள்? சலவை சோடா 100 கிராம் கொட்டிவிட்டான். போட வேண்டியது 100 கிராம் சமையல் சோடா, அதாவது அமிலம் தின்ற அந்தப் பைகார்பனேட்.

நான் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது தொட்டி மோர்போல் வெளுத்திருந்தது. சோதனைத் தாளில் பிஎச் கட்டம் 8.4-க்குரிய கடைசி நிறத்தையும் தாண்டியிருந்தது. சுவரை விரலால் தடவினால் நறநறவென்று சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட் மற்ற உப்புகளைப்போல் இல்லை, சூடு ஏற ஏறக் கரைவது குறையும். பிஎச்சும் ஏறினால் கேட்கவே வேண்டாம், சூடேற்றும் கம்பிச்சுருள் முழுக்கச் சுண்ணாம்புப் படை கட்டிவிடும். குளோரின் அளவு மட்டும் சரியாகக் காட்டியது. ஆனால் பிஎச் 7.5-இல் பாதியளவு வீரியத்தோடு இருக்கும் குளோரின், 8-இல் கால்பங்குகூட இருக்காது. தொட்டி முழுவதையும் வடித்துவிட்டோம். கீழிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த தண்ணீர் அது. பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது சிறிய வருத்தம் இல்லை.

தம்பி மேல் தப்பே இல்லை. ஒரு சொல்லை இரண்டு அளவுக்கு வைத்த குறிப்பின் தப்பு. ஆங்கிலத்திலும் ஆல்கலைன், ஆல்கலினிட்டி இரண்டும் ஒரே வேரில் கிளைத்துக் குழப்புகின்றன. நாம் மொழிபெயர்க்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டியதில்லை.

பிஎச் 7.4 உள்ள இரண்டு தொட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டுக்கும் ஒரே நிறம். ஒன்றில் மொத்தக் காரத்தன்மை 100, மற்றதில் 40. ஒரே அளவு அமிலத்தை இரண்டிலும் ஊற்றினால் முதல் தொட்டி அசைந்துகொடுக்காது. இரண்டாவது பொத்தென்று இறங்கும். சோதனையிலும் இதைத்தான் அளக்கிறோம். நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 4.5 வாக்கில் இறங்கும்வரை எத்தனை சொட்டு தாங்கியது என்று எண்ணுகிறோம். ‘தாங்கியது’ என்று வாய் தானாகவே சொல்கிறது. எனக்குச் சொல் கிடைத்தது அந்த இடத்தில்தான்.

> வேளாண்மையில் களர் உண்டே. களர்மை எனலாமே?

நல்ல பழஞ்சொல். ஆனால் களர் நிலம் என்பது சோடியம் மிகுந்து, பிஎச் 8.5-க்கு மேல் போன நிலம். மறுபடியும் பிஎச் பக்கமே இழுக்கும். அதுவும் எங்கள் பக்கத்து உழவரிடம் களர் என்று சொல்லிப் பாருங்கள், விளையாத மண் என்று முகம் சுளிப்பார். 100 மில்லிகிராம் உள்ள நல்ல நீருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

> அமிலத்தாங்கல் இன்னும் நேராக இருக்கிறது.

எனக்கும் முதலில் தோன்றியது இதுதான், விடவே மனமில்லை. தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிற்றேரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். வந்த வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஊரைக் காக்கும் ஏரிக்கும், வந்த அமிலத்தை வாங்கிக்கொண்டு பிஎச்சைக் காக்கும் பைகார்பனேட்டுக்கும் எவ்வளவு பொருத்தம்! ஆனால் மேல்நிலை வேதியியலில் ‘அமிலத் தாங்கல் கரைசல்’ வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது. மாணவர்களை அங்கே தடுக்கி விழவைக்கக் கூடாது.

அதனால் வினைத்தொகைக்குப் போனேன். சுடுநீர், ஊறுகாய்போலத் தாங்குகாரம். தாங்கிய காரம், தாங்குகின்ற காரம், தாங்கும் காரம். இடையில் வல்லினம் மிகாது. ‘தாங்குக்காரம்’ என்று எழுதிவிட வேண்டாம்.

> படிகாரம், வெங்காரம்போல நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொருள் என்று நினைக்க மாட்டார்களா?

வந்த மறுப்புகளில் இதுதான் கனமானது. இரண்டு நாள் யோசித்தேன். பொருள்போல ஒலிப்பது இங்கே நல்லது என்றே முடிவுக்கு வந்தேன். பிஎச் ஒரு நிலை. அதை மூட்டையில் வாங்க முடியாது. மொத்தக் காரத்தன்மை உண்மையிலேயே நீரில் கரைந்து கிடக்கும் சரக்கு, பெரும்பாலும் பைகார்பனேட். செலவாகும், குறையும், மறுபடி போட்டு நிரப்பலாம். 1000 லிட்டருக்கு 17 கிராம் சமையல் சோடா போட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறும் என்று கணக்கே இருக்கிறது. ‘தன்மை’ என்ற ஈறுதான் இதை மறைத்து வைத்திருந்தது.

புதுக் குறிப்பை ஒட்டி ஆறு வாரம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை தம்பி கூப்பிட்டான்: “அண்ணா, தாங்குகாரம் எழுபதுல நிக்குது. நூறுக்கு ஏத்த எத்தினி கிராம் போடணும்?” பிஎச் எவ்வளவு என்று கேட்டேன். “அது 7.4, அதுக்கு ஒண்ணும் வேணாம்” என்றான். சமையல் சோடா 75 கிராம் போடச் சொன்னேன்.

என் பரிந்துரை இது: பிஎச் பற்றிப் பேசும்போது காரத்தன்மை அப்படியே இருக்கட்டும். நீர்ச் சோதனை அறிக்கையில் மட்டும் மொத்தக் காரத்தன்மைக்குப் பதில் தாங்குகாரம். கடினத்தன்மையைத் தொட வேண்டாம், அது நன்றாகவே புழங்குகிறது.

ஓர் ஐயம் மட்டும் பாக்கி. சோதனையில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டி நிறம் மாறும்வரை ஓர் அளவு, 4.5 வரை ஓர் அளவு என்று இரண்டு எடுக்கிறோம். முதலதை முதற்றாங்குகாரம் எனலாமா? சேர்த்து எழுதினால் நாக்கு சிக்குகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். அறிக்கைப் படிவத்தைத் தை மாதத்துக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து