புதுப்பிப்பு: குழுவை அவர்களே பிரித்துக்கொண்ட கதை

ஒவ்வொரு வேலைக்கும் ஆட்களை மாற்றி மாற்றிப் போடுவதை விட்டுவிட்டு நிலையான குழுக்கள் அமைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துவிட்டோம்.

என் அணியின் 14 பேரும் ஓர் அறையில் உட்கார்ந்து, ஏழு ஏழு பேராக இரண்டு குழுவில் யார் யாருடன் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் வரை தேவையான திறமை அந்தந்தக் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் சுற்றில், முடித்த வேலையில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாளர்கள் இருவரும் ஒரே குழுவுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது சுற்றில்தான் சரியானது.

14 பேர் ஒரே கூட்டமாக இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச 91 ஜோடிகள். 7 பேருக்கு 21தான். தினமும் காலையில் நடக்கும் கூட்டம் இப்போது சீக்கிரம் முடிகிறது; அதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

அப்புறம், விடுப்பு அட்டவணையும் இப்போது அவர்கள் கையில். தலையிடாமல் இருக்க எனக்குத்தான் கை பரபரக்கிறது. ஊதிய உயர்வு மட்டும் இன்னும் தனிநபர் மதிப்பெண்படிதான். மேலிடம் அதில் இறங்கி வரவில்லை.