ஃபேஷன் ஷோ மேடையான ராம்ப்பில் வரும் சிகையலங்காரங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

நூல்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் 2009 அக்டோபரில் பாரிஸில் நடத்திய ‘பிளேட்டோஸ் அட்லாண்டிஸ்’ ஃபேஷன் ஷோவின் ஒளிப்பதிவைச் சென்ற வாரம்தான் முழுமையாகப் பார்த்தேன். கடல்மட்டம் உயர்ந்து, மனிதர்கள் மீண்டும் நீருக்குள் வாழப் பழகிவிட்ட ஒரு காலத்தைக் கற்பனை செய்து, ஊர்வனவற்றின் தோலையும் பூச்சிகளின் சிறகையும் நினைவூட்டும் வடிவங்களைக் கணினியில் உருவாக்கி, அவற்றை அச்சிட்ட துணியில் அந்த உடைகளைத் தைத்திருக்கிறார். அந்த உடைகளைப் பற்றியும், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ‘அர்மடில்லோ’ காலணிகளைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். என் கண்ணோ தலையலங்காரத்தை விட்டு நகரவே இல்லை. சிகையலங்காரக் கலைஞர் கைடோ பலாவ் கூந்தலைத் தலையோடு ஒட்டிப் பின்னி, சிலருக்குக் கொம்புகள் முளைத்தாற்போல மேடாக எழுப்பியிருந்தார். கன்ன எலும்பு புடைத்திருக்கும்படி செய்த ஒப்பனையோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பெண்கள் நம் இனத்தவர் அல்லர், நமக்குப் பின்னால் வரப்போகிறவர்கள் என்று உண்மையாகவே எனக்குத் தோன்றியது.

என்னுடன் அமர்ந்து பார்த்த அம்மா, “இப்படித் தலையை வாரிக்கொண்டு யார் வெளியே போவார்கள்?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வெளியே போகப் பயன்படுமா என்ற அளவுகோலால் இத்தகைய அலங்காரத்தை மதிப்பிடுவது சரியா? உங்கள் மனத்தில் நின்றவை எவை, பிடிக்காமல் போனவை எவை என்பதைக் காரணத்தோடு எழுதினால் மகிழ்வேன்.

கொண்டைஊசி எழுதியது:

பதினாறு ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்துவருகிறேன். ராம்ப்பில் வரும் தலை சில நிமிடங்கள் நின்றால் போதும். மணப்பெண்ணின் தலையோ அதிகாலை நான்கு மணிக்குப் பின்னியது, இரவு வரவேற்பு முடியும்வரை கலையாமல் இருக்க வேண்டும். எனவே உங்கள் அம்மாவின் கேள்வி எனக்குப் புதியதன்று, என் மேசைக்கு நாள்தோறும் வரும் கேள்விதான்.

நீங்கள் சொல்லும் கொம்பு வடிவத்தை நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் கூந்தலை வகிடெடுத்துப் பிரித்து, அடிப்பகுதியை இறுக்கமான சிறு பின்னல்களாக்கித் தலையோடு படிய வைப்போம். அதன்மேல் வலையில் சுற்றிய பஞ்சுத் திண்டை வைத்து, வளைந்த ஊசியில் நூல் கோத்துப் பின்னலோடு சேர்த்துத் தைத்து, பிறகு சவுரியை அதன்மேல் இழை இழையாகப் படியவைத்து ஸ்ப்ரே அடிப்போம். பாரம் முழுவதையும் அந்த அடிப்பின்னல்தான் தாங்குகிறது. அது தளர்ந்தால் மேலே எத்தனை கொண்டை ஊசிகளைக் குத்தினாலும் நிற்காது.

நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். கல்லூரி விழாவுக்காக ஒரு பெண் இதுபோன்ற படம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அழகாக அமைய வேண்டும் என்ற ஆர்வத்தில் நெற்றியோரத்தை மிகவும் இறுக்கிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் தலைவலி தாங்காமல் அவள் அழுதுவிட்டாள். பிரித்துப் பார்த்தால் காதுக்கு மேலே தோல் சிவந்து, சிறு சிறு புள்ளிகளாகத் தடித்திருந்தது. இப்படித் தொடர்ந்து இழுத்துக் கட்டினால் முன்முடி உதிர்ந்து நெற்றி ஏறிவிடும். அன்றிலிருந்து படத்தைப் பார்த்ததும், வேர் இழுபடாமல் இதைச் செய்ய முடியுமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமலையில் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, வெளிநாடுகளில் விக்காகவும் சவுரியாகவும் மாறுகிறது. ராம்ப்பில் ஒரு விக்கைப் பார்க்கும்போது, அது எந்தத் தாயின் வேண்டுதலோ என்று என் மனம் ஒரு கணம் நின்றுவிடும்.

ஓரத்தையல் எழுதியது:

மெக்வீனின் மேல் எனக்கும் பெரும் மதிப்பு உண்டு. தொடக்க காலத்தில் தம் உடைகளின் பெயர்ப்பட்டையிலேயே மனித முடிக்கற்றையை வைத்தவர் அவர். கூந்தல் அவருக்கு உடையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனாலும் கற்பனை என்றவுடன் தலையில் கோபுரம் எழுப்புவதையே பலர் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவரே 2000 செப்டம்பரில் காட்டிய ‘வாஸ்’ தொகுப்பில் பெண்களின் தலைகளில் கட்டுத்துணியைச் சுற்றிக் கூந்தலையே மறைத்துவிட்டார். கண்ணாடிச் சுவர்கள் கொண்ட மனநோய் மருத்துவமனை அறைபோன்ற அந்த அரங்கில், கூந்தல் இல்லாத அந்தத் தலைகள் கொம்புகளைவிட ஆழமாக என்னைத் தாக்கின.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது ஆடை வடிவமைப்பாளர் ஹுசைன் சாலயான் 2000 பிப்ரவரியில் லண்டனில் காட்டிய ‘ஆஃப்டர் வேர்ட்ஸ்’ தொகுப்பு. மேடையில் வரவேற்பறை போல நாற்காலிகளும் நடுவில் ஒரு வட்ட மர மேசையும் இருந்தன. பெண்கள் வந்து நாற்காலி உறைகளைக் கழற்றி உடையாக அணிந்துகொண்டார்கள். இறுதியில் ஒருவர் மேசையின் நடுவில் கால் வைத்து நின்று, அதை இடுப்புவரை தூக்கி மாட்டினார். மேசை அடுக்கடுக்கான பாவாடையாக விரிந்தது. சாலயான் நிக்கோசியாவில் பிறந்தவர். 1974-இல் சைப்ரஸ் பிளவுபட்டதைச் சிறுவயதில் கண்டவர். வீட்டை விட்டு ஓட நேரும்போது கையில் எதை எடுத்துச் செல்வது என்ற கேள்வியிலிருந்து பிறந்த தொகுப்பு அது. யாழ்ப்பாணத்திலிருந்து 1995-இல் இடம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த அம்மம்மாவின் நினைவு வந்தது. அந்த மேசைப் பாவாடையை யாரும் கடைக்கு உடுத்திப் போகப் போவதில்லை. ஆனால் அந்த மேடையில் யார் எப்படித் தலைவாரியிருந்தார்கள் என்பது எனக்கு நினைவே இல்லை, அந்த அளவுக்கு எண்ணம் நிறைந்திருந்தது.

ஏழுமுழம் எழுதியது:

பிடிக்காதவற்றையும் கேட்டீர்கள். மார்க் ஜேக்கப்ஸ் 2016 செப்டம்பரில் நியூயார்க்கில் நடத்திய ஷோவில் பல நிற கம்பளி நூலால் செய்த சடாமுடிகளைப் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களின் தலையில் ஏற்றியதைச் சொல்வேன். அதையும் அமைத்தவர் கைடோ பலாவ்தான். கைவேலை குறையற்றது, நிறச்சேர்க்கையும் அழகு. ஆனால் அதே முடியைப் பிறப்பிலிருந்தும் வழக்கத்திலிருந்தும் பெற்ற கறுப்பின மக்கள் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதற்காகவே ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முடியின் தன்மையையும் பின்னலையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கக் கலிபோர்னியாவில் தனிச் சட்டமே 2019-இல்தான் இயற்றப்பட்டது. ஒருவரின் வேலையைப் பறிக்கும் தலைமுடி இன்னொருவருக்குக் கைதட்டல் வாங்கித் தருமானால், அதைக் கற்பனை என்று பாராட்ட என்னால் இயலவில்லை. எழுந்த கண்டனத்துக்கு வடிவமைப்பாளர் முதலில் கொடுத்த பதிலும் புண்ணைக் கிளறியது. பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. மெக்வீனின் ஷோவிலும் தலையோடு ஒட்டிய பின்னல்கள் இருந்தன என்பதை ஏழுமுழம் எழுதியதைப் படித்த பிறகு மீண்டும் போய்ப் பார்த்தேன். கொம்புகளை இன்னும் விரும்புகிறேன். அந்த வரிசைப் பின்னல்களைப் பற்றி முன்போல எளிதாக மகிழ முடியவில்லை. அம்மாவுக்கு ‘ஆஃப்டர் வேர்ட்ஸ்’ பதிவைக் காட்டினேன். முடியும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு மேசை விரியும் இடத்தை மறுபடி போடச் சொன்னார்.

கொண்டைஊசி அவர்களே, தைத்த பின்னலைப் பிரிக்கும்போது முடி அறுபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

கொண்டைஊசி எழுதியது:

கறுத்த முடிக்குக் கறுப்பு நூலைத் தவிர்த்து, அடர்பழுப்பு நூலில் தைப்பேன். பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. விளக்கருகே அமர்த்திப் பிரிக்கும்போது எனக்கு மட்டும் தெரியும். முடிச்சுகள் அனைத்தையும் பிடரிப் பக்கமே போடுவேன், கத்தரி நெற்றியோரம் போகவே வேண்டியதில்லை.