பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றியாயிற்று. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) எந்த அளவில் வாங்குவது?

அம்பத்தூர் எஸ்டீம்:
வணக்கம். என்னுடையது 1998ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். பின்பக்க டிரம்களைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்க புதுப்பேட்டையில் கிடைத்த பழைய காலிப்பர்களும் பொருத்தியிருக்கிறோம். பிஸ்டன் 34 மி.மீ.; ஹேண்ட் பிரேக் காலிப்பரிலேயே இருக்கிறது. இப்போது பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரை 7/8 அங்குலமாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கலாமா? வண்டியை இன்னும் தெருவில் எடுக்கவில்லை.

போரூர் சாலை:
7/8 போட்டால் பெடல் கண்டிப்பாக மேலே வரும். இன்னொன்றையும் பாருங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

பாடி பெரியவர்:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இரண்டாம் மிதியில் பெடல் ஏறுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பேடு (டிஸ்க்கில் அழுந்தி உரசும் கட்டை) டிஸ்க்கைவிட்டு விலகி நிற்கிறது. பெரிய சிலிண்டர் அந்தக் கோளாறை மறைக்குமே தவிர தீர்க்காது.

காலிப்பருக்கு பிரேக் ஆயில் அதிகம் வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரம்முக்குள் பிரேக்கை விரிக்கும் 19 மி.மீ. வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டனும் ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 0.57 மி.லி. ஆயில் போகிறது. உங்கள் காலிப்பர் பிஸ்டன் அரை மில்லிமீட்டர் நகர 0.45 மி.லி. போதும். இடைவெளி சரியாக இருந்தால் பழைய மாஸ்டர் சிலிண்டரே பல வண்டிகளில் சமாளிக்கும். அளவு 3/4இலிருந்து 7/8க்குப் போனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே பலத்தில் மிதித்தால் அழுத்தம் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், முன்சக்கரத்துக்கும் சேர்த்து. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். அதை ஏன் பலவீனமாக்க வேண்டும்?

முதலில் காற்றை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய்விடும்; எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் காற்று மேலேயே தங்கும். அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, பேடு டிஸ்க்கை ஒட்டி நிற்கும்படி பிஸ்டனைச் சுழற்றி வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு கேபிளை மாட்டுங்கள்.

அப்புறம் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து ஒருவரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் அசையத் தொடங்கியதும் டப்பாவுக்குள் சின்ன ஊற்றுபோல் ஆயில் எழ வேண்டும். எழவில்லையென்றால் பெடலிலிருந்து வரும் கம்பியான புஷ் ராடு, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளியே வைத்திருக்கக்கூடும். அப்படியே ஓட்டினால் பிரேக் விடாமல் உரசி டிஸ்க் சூடேறிவிடும். கண்ணாடி அணிந்துகொண்டு பாருங்கள். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அம்பத்தூர் எஸ்டீம்:
ஐயா, நிப்பிள் இரண்டு பக்கமும் கீழேதான் இருந்தது! மாற்றிப் பொருத்திக் காற்று எடுத்தோம். பெடல் நன்றாகவே மேலே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் உயர வேண்டும் போலிருக்கிறது.

பாடி பெரியவர்:
மகிழ்ச்சி. கேபிளைச் சரிசெய்த பிறகும் தாழ்வாக இருந்தால், சிலிண்டர் உடம்பில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 3/4 என்றால் 13/16 பாருங்கள்; ஒரு படி போதும். டிரம்முக்கான ரெசிடுவல் வால்வு (மிதிக்காதபோதும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது) உள்ளே இருக்கும் சிலிண்டர் வேண்டாம், பேடு உரசிக்கொண்டே இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், காய்ந்த தரையில், குறைந்த வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டால் பின்பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைச் சரிசெய்யும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். மழையில் வால் சுற்றிவிடும்.